ஓரெழுத்து குறைந்த மந்திரம்

ஓவியம் தீட்டிய மடாலயச் சுவடி என்றதும் இலக்கிய வாசகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பெரும்பாலும் அயர்லாந்தின் கெல்ஸ் நூலாகத்தான் இருக்கும். கி.பி. 800ஐ ஒட்டிய காலத்தில் கன்றுத்தோலில் எழுதப்பட்ட நான்கு சுவிசேஷங்கள் அவை. டப்ளினின் டிரினிட்டி கல்லூரியில் பாதுகாக்கப்படுகின்றன. ஒற்றைச் சொல்லின் எழுத்துகள் ஒரு பக்கம் முழுவதும் சுருள்சுருளாக விரிந்து கிடக்க, அவற்றின் இடுக்கில் பூனைகளும் எலிகளும் ஒளிந்திருக்கும். ஆனால் அந்நூலை ஆராய்ந்தவர்கள் சொல்லும் மற்றொரு செய்தி எனக்கு இன்னும் சுவையானதாகப் படுகிறது. சித்திரத்தில் காட்டிய கவனத்தை அத்துறவிகள் எழுத்தில் காட்டவில்லை என்பதே அது. சொற்கள் விடுபட்டிருக்கின்றன. ஒரு பக்கத்தின் வாசகம் அடுத்த பக்கத்தில் அப்படியே மறுபடி எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே அது அன்றாடம் ஓதுவதற்காகச் செய்யப்பட்ட நூல் அன்று, விழாநாளில் பீடத்தின்மீது வைத்துக் காட்டச் செய்யப்பட்டது என்று கருதுவோர் உண்டு. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் திருடிச் சென்றவர்கள்கூட அதன் பொன் உறையை எடுத்துக்கொண்டு ஏட்டைப் புல்தரைக்கடியில் புதைத்துவிட்டுப் போனார்கள்.

வணங்கப்படும் நூல் வாசிக்கப்படும் நூலாகவும் இருக்க முடியுமா என்ற கேள்வி இங்கே எழுகிறது. பகுத்தறிவின் பக்கம் நின்று, வணக்கமே வாசிப்பின் எதிரி என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் நமக்கு மிக அருகில், கர்நாடகத்தின் மூடபித்ரியில் உள்ள சமணச் சுவடிகளின் கதை அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

என் ஊர் ஜவளகிரி. தேன்கனிக்கோட்டை, தளி வழியாகப் போனால் கர்நாடக எல்லைக்குச் சற்று முன்னால், காட்டை ஒட்டி இருக்கும் ஊர். பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து இறங்கும் யானைக் கூட்டங்கள் கேழ்வரகு முற்றும் பருவத்தில் எங்கள் வயல்கள் வழியாகத்தான் ஓசூர்ப் பக்கம் போகும். அவற்றுக்கு மாநில எல்லை கிடையாது. எங்களுக்கும் வீட்டுக்குள் கிடையாது. வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ், சந்தையில் தெலுங்கும் சேர்ந்த மூன்று மொழி என்று வளர்ந்தவர்கள் நாங்கள். மூடபித்ரிச் சுவடிகள் என்னை ஈர்த்ததற்கு இதுவே முதற்காரணம் என்று நினைக்கிறேன். அவற்றின் எழுத்து பழங்கன்னடம். மூலநூலின் மொழியோ பிராகிருதம். உரை பிராகிருதமும் சமஸ்கிருதமும் கலந்தது. அந்த மூலநூலின் பெரும்பகுதியை இயற்றியவர் அதற்காகத் தங்கிய இடம் தமிழ்நாடு. எல்லை ஊர்க்காரனுக்கு இதைவிடச் சொந்தமான புத்தகம் வேறெது?

நூலின் பெயர் சட்கண்டாகமம். ஆறு கண்டங்களை உடைய ஆகமம் என்பது பொருள். திகம்பர சமணர்களுக்கு இதைவிட மூத்த நூல் இல்லை. அதன் பிறப்பை அதன் உரையே கதையாகச் சொல்கிறது. சௌராஷ்டிரத்தின் கிர்நார் மலைக் குகையில் வாழ்ந்த தரசேனர் என்ற முதிய துறவிக்கு, வாய்மொழியாக வந்த அறிவு தம்மோடு அழிந்துவிடுமோ என்ற அச்சம் வருகிறது. தென்னாட்டுத் துறவிகளின் சங்கத்துக்கு ஓலை அனுப்புகிறார். இருவர் புறப்பட்டு வருகிறார்கள். அவர்கள் வந்துசேரும் நாளின் விடியலில், இரண்டு வெள்ளை எருதுகள் தம் காலடியில் பணிவதாகக் கனவு காண்கிறார் தரசேனர்.

ஆயினும் கனவை நம்பி அவர் கற்பிக்கத் தொடங்கிவிடவில்லை. இருவருக்கும் ஆளுக்கொரு மந்திரம் கொடுத்து உபாசிக்கச் சொல்கிறார். ஒன்றில் வேண்டுமென்றே ஓரெழுத்தைக் கூட்டிவிடுகிறார். மற்றதில் ஓரெழுத்தைக் குறைத்துவிடுகிறார். உபாசனையின் முடிவில் ஒருவர் முன் பல் நீண்ட தேவதை தோன்றுகிறாள், மற்றவர் முன் ஒற்றைக்கண் தேவதை. தேவர்களுக்கு உறுப்புக் குறை இருக்காதே என்று யோசித்த இருவரும் மந்திரத்தை இலக்கணப்படி ஆராய்ந்து, மிகுந்த எழுத்தை நீக்கியும் குறைந்த எழுத்தைச் சேர்த்தும் மறுபடி ஓதுகிறார்கள். தேவதைகள் முழு அழகோடு வருகிறார்கள். இப்போதுதான் தரசேனர் பாடத்தைத் தொடங்குகிறார். பாட பேதம் பார்த்துத் திருத்துவதைத் துறவின் முதல் தகுதியாக வைத்த கதை வேறு எந்தச் சமயத்திலும் இருக்கிறதா, தெரிந்தவர்கள் சொல்லலாம். உ.வே.சாமிநாதையர் இக்கதையைக் கேட்டிருந்தால் மிகவும் மகிழ்ந்திருப்பார்.

அந்த இருவர்தாம் புஷ்பதந்தரும் பூதபலியும். பாடம் முடிந்ததும் புஷ்பதந்தர் கன்னட நாட்டு வனவாசிக்குப் போகிறார். பூதபலி திராவிட தேசத்துக்கு, அதாவது நம் பக்கம் வருகிறார். புஷ்பதந்தர் 177 சூத்திரங்களை இயற்றி ஒரு மாணவர் கையில் பூதபலிக்கு அனுப்புகிறார். அவற்றைக் கண்டதும், நண்பருக்கு ஆயுள் அதிகம் இல்லை என்று உணர்ந்துகொள்கிறார் பூதபலி. மீதி நூல் முழுவதையும் தாமே செய்து முடிக்கிறார். நூல் ஏட்டில் ஏறி முடிந்த நாள் ஜேஷ்ட மாத வளர்பிறைப் பஞ்சமி என்பது மரபு. அன்றுதான் சுருத பஞ்சமி. ஒரு நூல் எழுதி முடிக்கப்பட்ட நாளையே பண்டிகையாகக் கொண்டாடும் மக்கள் அவர்கள்.

ஒன்பதாம் நூற்றாண்டில், ராஷ்டிரகூடர் காலத்தில், வீரசேனர் இந்நூலுக்குத் தவளம் என்ற பேருரையை எழுதினார். அளவு 72,000 கிரந்தம் என்பர். தவளம் என்றால் வெண்மை. எங்கள் ஊர்ப்பெயரிலும் அச்சொல்லின் எதிரொலி கேட்பதுபோல எனக்குத் தோன்றுவதுண்டு. ஓசை ஒப்புமைக்கு மேல் அதில் எதையும் கட்ட நான் துணியமாட்டேன். இதனோடு சேர்ந்த மற்றொரு ஆகமத்துக்கு வீரசேனர் தொடங்கிய ஜயதவளம் என்ற உரையை அவர் மாணவர் ஜினசேனர் கி.பி. 837இல் முடித்தார். ஆறாம் கண்டமான மகாபந்தம் தனிச் சுவடியாகவே வழங்கியது.

பக்தி நூலை எதிர்பார்த்து இவற்றைத் திறப்பவர் ஏமாறுவார். கர்மம் என்பது உயிரின்மேல் படியும் நுண்பொருள் என்பது சமணக் கொள்கை. அது எப்படி ஒட்டுகிறது, எவ்வளவு காலம் நிற்கிறது, எப்படி உதிர்கிறது என்ற கணக்குதான் நூல் முழுவதும். உயிர் ஏறிச்செல்லும் பதினான்கு படிகளான குணஸ்தானங்களைச் சொல்லி, ஒவ்வொரு படியிலும் எத்தனை உயிர்கள் என்று எண்ணவும் முற்படுகிறது. அவ்வளவு பெரிய எண்களைக் கையாள வீரசேனருக்குப் புதிய கருவிகள் வேண்டியிருந்தன. ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்க முடியும் என்பதை அர்த்தச்சேதம் என்கிறார். 32ஐ ஐந்து முறை பாதியாக்கினால் 1 வரும். ஆகவே 32இன் அர்த்தச்சேதம் 5. இன்று பள்ளியில் மடக்கை என்று கற்கிறோமே, இரண்டை அடியாகக் கொண்ட அந்த மடக்கைதான் இது. முடிவிலியிலும் பல வகை உண்டென்று பிரித்துப் பேசும் நூல் இது.

இனி அலங்காரம். மூடபித்ரியின் தவளச் சுவடி கி.பி. 1113ஐ ஒட்டியது என்பர். ஹொய்சள விஷ்ணுவர்தனன் ஆண்ட காலம். மற்றவையும் அதே தலைமுறையைச் சேர்ந்தவை. தென்னிந்தியாவில் கிடைத்துள்ள ஓவியச் சுவடிகளில் இவையே மிகப் பழையன. நம் பனையோலையில் எழுத்தாணியால் கீறி, மசி தடவித் துடைப்போம். அதில் சித்திரம் என்றாலும் பெரும்பாலும் கீறிய கோட்டுருவம்தான். மூடபித்ரி ஏடுகளோ ஸ்ரீதாளம் என்னும் தாளிப்பனையின் ஓலைகள். பனையோலையைவிட அகலமும் மென்மையும் உடையவை. வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்துக் காய்த்து மடிந்துபோகும் மரம் அது. அந்த ஓலையில் கீறாமல் அரக்கு மையால் எழுதியிருக்கிறார்கள். தூரிகை ஓடுவதற்கு இடம் கிடைத்தது அதனால்தான்.

பெரும்பாலான ஏடுகளில் எழுத்து மட்டுமே உண்டு. சில ஏடுகளில்தான் ஓவியம். எழுத்துப் பத்திகளை ஒதுக்கி விட்ட சிறு கட்டங்களில் தீர்த்தங்கரர்கள், படமெடுத்த நாகத்தின் கீழ் பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி, யட்சன், யட்சி, ஏட்டறிவின் தெய்வமான சுருததேவி, கைகூப்பிய அடியார்கள் ஆகியோர் இடம்பெறுகிறார்கள். கயிறு கோக்கும் துளையைச் சுற்றிப் பூவும் வட்டமுமான கோலங்கள். சி. சிவராமமூர்த்தி தென்னிந்திய ஓவியம் பற்றிய தம் நூலில் இவற்றுக்கு இடம் தந்தார். சரயு தோஷி 1960களில் தனிக் கட்டுரை எழுதிக் கலையுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

இந்தச் சித்திரங்களுக்கும் அருகே இருக்கும் வாசகத்துக்கும் தொடர்பே இல்லை. எழுத்து கர்மத்தின் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கும். பக்கத்தில் யட்சி அமர்ந்திருப்பாள். அர்த்தச்சேதத்தை எப்படித்தான் வரைவது? கீழ்த்திசைப் பாலர் காலத்துப் பௌத்தச் சுவடிகளிலும் இதே நிலையைக் காணலாம். இவை நூலை விளக்க வந்த படங்கள் அல்ல, நூலைக் காவல்காக்க வந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. கோயில் வாயிலில் துவாரபாலகர் நிற்பதுபோல. ஏடு ஒரு சிறு கோயிலாக ஆகிவிடுகிறது. எழுத்தே அங்கு மூலவர்.

அந்தக் கோயிலைக் கட்டுவித்தவர்கள் யார் என்பதையும் சுவடிகளே சொல்கின்றன. தவளச் சுவடியை எழுதுவித்தவர் தேமியக்கா என்ற பெண்மணி. கங்க குலச் சிற்றரசர் ஒருவரின் குடும்பத்தைச் சேர்ந்தவர். சுருத பஞ்சமி நோன்பை நிறைவுசெய்த அடையாளமாகச் சுவடியை எழுதுவித்து, சுபசந்திரர் என்ற ஆசாரியருக்குக் கொடுத்திருக்கிறார். மகாபந்தச் சுவடியைத் தந்தவர் மல்லிகாதேவி. அதுவும் பஞ்சமி நோன்பின் நிறைவுதான். பெற்றவர் மாகநந்தி முனிவர். நூல் பிறந்த நாளைக் கொண்டாட, அந்நூலின் இன்னொரு பிரதியையே பிறப்பித்துத் தானம் செய்திருக்கிறார்கள் இந்தப் பெண்கள். இதைவிடப் பொருத்தமான நோன்பு முடிப்பை நான் கேள்விப்பட்டதில்லை.

பிற்காலத்தில் இச்சுவடிகள் மூடபித்ரியின் குரு பசதியில் தங்கின. சித்தாந்த பசதி என்ற பெயரே இவற்றால்தான் அதற்கு வந்தது. வந்த யாத்ரிகர்களுக்கு விலையுயர்ந்த கற்களாலான சிறு திருமேனிகளோடு ஏடுகளையும் காட்டுவார்கள். கும்பிட்டுவிட்டுப் போவார்கள். பழைய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் அருகிப்போனார்கள். நூலைக் காப்பதும் அதை யாருக்கும் தராமலிருப்பதும் மெல்ல மெல்ல ஒன்றாயின.

இதை நான் இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. ஜவளகிரியில் என் அத்தை வீட்டுப் பூஜை மாடத்தில் சிவப்புத் துணியில் சுற்றிய ஒரு சுவடிக்கட்டு உண்டு. ஆண்டுக்கொருமுறை சரஸ்வதி பூஜையன்று துணியை மாற்றி, கட்டின் ஓரங்களில் மஞ்சளும் குங்குமமும் வைப்பார். மற்ற நாளில் யாரும் தொடக்கூடாது. ஒருமுறை நான் அதைப் பிரித்துப் படமெடுக்கக் கேட்டபோது நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நங்கே ஓதோக்கே பரல்லா, அதக்கே ஜோபானவாகி இட்டிதினி” என்றார். எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்பது பொருள். படிக்கத் தெரிந்த என் தந்தையின் தலைமுறை வீட்டிலிருந்த மற்ற காகிதங்களை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்த சரஸ்வதி பூஜையன்று, பூஜை முடிந்தபின் பிரிக்க அனுமதித்தார். கன்னட எழுத்தில் மாட்டு வைத்தியக் குறிப்புகளும், தானியம் கடன் கொடுத்து வாங்கிய கணக்கும் இருந்தன. சித்திரம் ஏதுமில்லை. பல ஆண்டுக் குங்குமம் ஓலை விளிம்புகளில் ஊறிப் படர்ந்து சிவந்திருந்ததுதான் ஒரே அலங்காரம். அது சில வரிகளின் முதலெழுத்துகளை மறைத்தும் விட்டிருந்தது. ஒரு நோய்க்குரிய மருந்தின் பெயரை அதனால் இன்றுவரை வாசிக்க முடியவில்லை. அந்தக் குங்குமம் இல்லாவிட்டால் கட்டே இருந்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும். படிக்க ஆளில்லாத ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட நாடு இது.

மூடபித்ரியில் 1896இல் படியெடுக்கும் வேலை தொடங்கியது. பம்பாயின் மாணிக்சந்த், சோலாப்பூரின் ஹிராசந்த் நேமசந்த் போன்ற வணிகர்களின் முயற்சி அது. எழுத்தை வாசிக்கச் சிரவணபெளகொளாவிலிருந்து பிரம்மசூரி சாஸ்திரி வந்தார். நாகரியில் எழுத கஜபதி சாஸ்திரி வந்தார். மூன்று நூல்களும் முடிய 1922 ஆகிவிட்டது. ஆனால் படிகள் மூடபித்ரியை விட்டு வெளியே போகக்கூடாது என்பது நிபந்தனை. கஜபதி சாஸ்திரியோ தம் மனைவி லட்சுமிபாயின் துணையுடன் இரகசியமாக ஒரு கன்னடப் படியைத் தயாரித்துவிட்டார். முதலில் அவர் நாடிய புரவலர்கள் அதை வாங்கத் தயங்கினார்கள். இறுதியில் அது வடக்கே சகாரன்பூருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதை நாகரிக்கு மாற்ற அமர்த்தப்பட்ட சீதாராம் சாஸ்திரி, தமக்கென்று மேலும் ஒரு படியை இரகசியமாக எழுதிக்கொண்டார். அதிலிருந்து பல ஊர்களுக்குப் படிகள் பரவின. திருட்டின் மேல் திருட்டு! ஆனால் அந்தத் திருட்டுப் படிகளை வைத்துத்தான் அமராவதிக் கல்லூரிப் பேராசிரியர் ஹீராலால் ஜெயின், 1939இல் தவளத்தின் முதல் தொகுதியை அச்சிட்டார். பதினாறு தொகுதிகளும் முடிந்தது 1959இல். மகாபந்தம் தனியே ஏழு தொகுதிகளாக 1947 முதல் 1958 வரை வெளிவந்தது.

கஜபதி சாஸ்திரி செய்தது குற்றமா? கொடுத்த வாக்கை மீறினார் என்ற அளவில் குற்றமே. கூலி வாங்கிக்கொண்டு செய்ததால் தியாகம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அச்சுநூல் வந்தபின் மடத்தாரே மனமிரங்கி, அடுத்த தொகுதிகளுக்கு மூல ஏடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இதை எடைபோட வேண்டும். பூட்டிவைத்தவர்கள் பகைவர்கள் அல்லர். கேட்கத் தகுதியுள்ளவர்கள் வரும்வரை காத்திருந்தவர்கள் என்றுகூடச் சொல்லலாம். தரசேனரும் அதைத்தானே செய்தார்?

அந்த ஒப்பீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

புஷ்பதந்தர் செய்த பகுதியில் 93ஆம் சூத்திரம் பெண்களைப் பற்றியது. குணஸ்தானப் படிகளில் சிலவற்றைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. பதிப்பாசிரியர்கள் கையிலிருந்த படிகளில் அப்பட்டியல், இல்லறத்தாருக்குரிய பாதித் துறவு நிலையோடு நின்றுவிட்டது. ஆனால் கீழேயுள்ள வீரசேனரின் உரையோ, அப்படியானால் பெண்களுக்கும் இப்பிறவியிலேயே வீடுபேறு உண்டென்று ஆகாதா என்று ஒரு மறுப்பை எழுப்பி, அதற்கு விடையும் சொல்கிறது. சூத்திரத்தில் முழுத் துறவு நிலை சொல்லப்படாவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. ஆகவே ‘சஞ்சத’ என்ற சொல் இங்கே விடுபட்டிருக்க வேண்டும் என்று ஹீராலாலும் உடன் உழைத்த பண்டிதர்களும் ஊகித்து, அடிக்குறிப்பில் எழுதினார்கள். முழுத் துறவு பூண்ட நிலை என்பது அச்சொல்லின் பொருள். முந்தைய சொல்லும் அதே ஒலியில் முடிவதால் எழுதுபவரின் கண் தாண்டிவிடுவது இயல்பு. படியெடுத்துப் பழகியவர்கள் அறிந்த பிழைதான்.

பெரும் புயல் எழுந்தது. பெண் பெண்ணுடலோடு வீடுபெற முடியாது என்பது திகம்பரர் கொள்கை. முடியும் என்பது சுவேதாம்பரர் கொள்கை. மிகப் பழைய திகம்பர நூலிலேயே அச்சொல் இருந்தால்? மூடபித்ரி ஏடுகளைத் திறந்து பார்த்தார்கள். சொல் அங்கே இருந்தது. அத்துடன் விவாதம் ஓய்ந்துவிடவில்லை. செப்பேட்டில் நூலைப் பொறித்தபோது அச்சொல்லைச் சேர்ப்பதா விடுவதா என்று மறுபடி வழக்காடினார்கள். பத்மநாப் ஜெய்னி 1991இல் பெண்ணும் வீடுபேறும் பற்றி எழுதிய நூலில் இதையெல்லாம் பேசுகிறார். உடலால் பெண்ணாக இருப்பவரை அச்சொல் குறிக்கவில்லை, உள்ளத்தின் பெண்பாவத்தையே குறிக்கிறது என்று வீரசேனர் தந்த விளக்கம் இருக்கிறது. அதை ஏற்பதும் மறுப்பதும் அம்மரபுக்குள் இருப்பவர்களின் உரிமை. வெளியே நிற்கும் நான் அதில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

நான் பார்ப்பது வேறு. சித்தாந்த தரிசனத்தில் அந்த ஏடுகளில் சிலவற்றைச் சில நிமிடங்கள், சற்றுத் தள்ளி நின்று பார்க்க எனக்கு வாய்த்தது. வண்ணங்கள் இன்னும் மங்கவில்லை. கன்னட எழுத்து தெரியும் என்ற கர்வத்தோடு போனவனுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில எழுத்துகளே பிடிபட்டன. தேமியக்காவும் மல்லிகாதேவியும் அந்த ஏடுகளை வாசித்திருப்பார்களா என்று அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன். சூத்திரத்தின் பட்டியலில் அவர்கள் இருந்த படி, பாதித் துறவுப் படி. அதற்கு மேலுள்ள படி பெண்ணுக்கு உண்டா என்ற வாக்கியமும் அவர்கள் கொடுத்த பொன்னால் எழுதப்பட்ட நூலுக்குள்தான் இருந்தது. அவர்கள் படித்திருக்கலாம், படிக்காமலும் இருந்திருக்கலாம். படியெடுத்தவரின் கண் தாண்டிய சொல்லை ஓலை தவறவிடவில்லை. கும்பிடு மட்டும் வாங்கிக்கொண்டிருந்த நூற்றாண்டுகளிலும் அது தன் இடத்திலேயே இருந்தது. பிறகு, எழுத்து குறைந்திருப்பதை உணரத் தெரிந்த சிலர் வந்தார்கள்.

அத்தையிடம் இக்கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, அந்தப் பெண்களின் பெயரை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.